ஒரே ஒரு தோல்விக்கு இத்தனை கோபமா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகரின் மனக்கணக்கு

ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், அலபாமா போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு இது பழக்கமான செய்தியாக இருக்கும். செப்டம்பர் பிறந்துவிட்டால், “இன்று ஊரில் ஆட்டம், சாலையெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது, கடைக்குக்கூடப் போக முடியாது” என்று சனிக்கிழமைதோறும் தொலைபேசியில் சொல்வார்கள். ஊர் அணி தோற்றுவிட்டால் அடுத்த சில நாட்களுக்குச் செய்தியின் தொனி மாறும். ஆய்வக நண்பர் யாரிடமும் பேசவில்லை, வீட்டு உரிமையாளர் எரிந்து விழுகிறார், வானொலியில் யாரோ பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். மாணவர்கள் ஆடும் ஆட்டம், ஆண்டில் பத்து ஆட்டங்களை வென்ற அணி, ஒன்றில் தோற்றதற்கா இவ்வளவு? புதிதாகப் பார்ப்பவர் யாரும் இப்படித்தான் கேட்பார்.

கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது பிடிபட்டால் ரசிகரின் கூச்சலில் பாதி நியாயமாகவே படும். மீதிப் பாதிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

முதலில் ஆட்டம். கால்பந்து என்று பெயர் இருந்தாலும் இது மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுவது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் கடக்க வேண்டும். கடந்தால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. பாதியில் நின்றுவிட்டால் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி தேற்றலாம். அதன் பெயர் ஃபீல்டு கோல். இங்கே இவ்வளவு தெரிந்தால் போதும். ஃபீல்டு கோலை மட்டும் மறந்துவிடாதீர்கள். ரசிகர்களின் கண்ணீரில் பெரும்பங்கு அதில்தான் போகிறது.

கொலம்பஸில் நடந்தது

எடுத்துக்காட்டுக்கு ஒரு தோல்வியை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். குதிரை லாட வடிவில் கட்டப்பட்ட ஒஹாயோ ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒஹாயோ ஸ்டேட் அப்போது நாட்டிலேயே 2-ஆம் இடத்தில் இருந்த அணி. அதுவரை 10 வெற்றி, ஒரே தோல்வி. அந்தத் தோல்வியும் ஓரிகனிடம் 32-31 என்று ஒரு புள்ளியில் நழுவியது. எதிரே மிச்சிகன். முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன்தான், ஆனால் பயிற்சியாளரும் முக்கிய வீரர்கள் பலரும் தொழில்முறைக் கால்பந்துக்குப் போய்விட்டதால் 6 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒஹாயோ ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்பது பந்தயச் சந்தையின் கணிப்பு.

மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10.

மிச்சிகன் அபாரமாக ஆடியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவர்களுடைய குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர், அன்று எறிந்து சேர்த்தது மொத்தம் 62 கஜம். இரண்டு முறை பந்தை எதிரணியின் கையிலேயே கொடுத்தார். ஒஹாயோ அணியோ தவறவிட்டது இரண்டு ஃபீல்டு கோல்கள், இரண்டும் 40 கஜத்துக்கு உட்பட்டவை. நாட்டின் மிகச் சிறந்த பந்து பிடிப்பாளர்களை வைத்துக்கொண்டு, பந்தைத் திரும்பத் திரும்ப நடுவிலேயே ஓடவிட்டார்கள். அந்த நடுவில் நின்றவர்கள் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள். அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் சுற்றிலேயே இருவரையும் அள்ளிக்கொண்டு போயின. சுவர் இருக்கும் இடம் தெரிந்தும் அதிலேயே முட்டுகிறார்களே என்று மேல்வரிசையில் இருந்தவருக்குக்கூடத் தெரிந்தது. ஆட்டம் முடிய 45 விநாடி இருக்கும்போது மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோல் கதையை முடித்தது.

அதோடு நிற்கவில்லை. மிச்சிகன் வீரர்கள் தங்கள் கொடியை ஒஹாயோ மைதானத்தின் நடுவில் நட முயன்றார்கள், கைகலப்பு மூண்டது, போலீசார் மிளகுப்பொடித் தெளிப்பானைப் பயன்படுத்தினார்கள். பிறகு இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விழுந்தது. ஒஹாயோ ரசிகர்கள் பலர் மைதானத்திலேயே தங்கள் சொந்தப் பயிற்சியாளர் ரயன் டேயின் பெயரைச் சொல்லி, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வினைச்சொல்லையும் சேர்த்துக் கத்தினார்கள்.

இந்தக் கூச்சலைப் புரிந்துகொள்ள மிச்சிகன் என்ற பெயர் கொலம்பஸில் என்னவாக ஒலிக்கும் என்று தெரிய வேண்டும். இரு அணிகளும் முதலில் மோதியது 1897-இல். 1918 முதல் ஆண்டுதோறும் ஆடுகின்றன. கொரோனா பரவிய 2020-இல் மட்டும் ஆட்டம் இல்லை. ஒஹாயோ ரசிகர்கள் எதிரணியின் பெயரை உச்சரிப்பதையே தவிர்த்து, ‘வடக்கே இருக்கும் அந்த அணி’ என்பார்கள். அந்த ஆட்டம் வரும் வாரத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போனால் விசித்திரமான காட்சி ஒன்றைக் காணலாம். கட்டடப் பெயர்ப்பலகைகளில் எம் என்ற ஆங்கில எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதன்மேல் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். நூலகப் பலகையும் தப்பாது, மருத்துவத் துறைப் பலகையும் தப்பாது. மிச்சிகனை வென்றால் ஒவ்வொரு வீரருக்கும் கால்சட்டை வடிவத்தில் விரல்நுனி அளவு தங்கப் பதக்கம் ஒன்று தருவார்கள். 1930-களில் தொடங்கிய பழக்கம். 2024-இல் கிடைத்தது மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. நான்கு ஆண்டு படித்து, மைதானத்தில் ரத்தம் சிந்தி ஆடி, அந்தச் சின்னப் பதக்கம் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் வெளியேறிய வீரர்கள் இருந்தார்கள்.

இதற்கு முன்பும் இப்படி ஒருவர் சிக்கியிருக்கிறார். 1988 முதல் 2000 வரை ஒஹாயோ அணியை நடத்திய ஜான் கூப்பர் 111 ஆட்டங்களை வென்றார். மிச்சிகனுக்கு எதிரே மட்டும் 2 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமன். ஊர் நினைவில் வைத்திருப்பது இரண்டாவது கணக்கை.

பன்னிரண்டே வாய்ப்பு

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணி ஓர் ஆண்டில் ஆடுவது 162 ஆட்டம், கூடைப்பந்து அணி 82. கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கிடைப்பது 12. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். பேஸ்பாலில் இன்று தோற்றால் நாளையே இன்னொரு ஆட்டம் வந்து புண்ணை ஆற்றும். இங்கே குறைந்தது ஒரு வாரம் அதை மென்றுகொண்டிருக்க வேண்டும். பருவத்தின் கடைசி ஆட்டமென்றால் ஒன்பது மாதம்.

குறைவாக ஆடுவது ஒரு பக்கம் இருக்க, பட்டத்துக்கு யார் போட்டியிடலாம் என்பதை முடிவுசெய்யும் விதம் இன்னும் கொடுமை. நாட்டில் மேல்நிலைப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள். எல்லோரும் எல்லோருடனும் ஆட முடியாது. அதனால் சிலர் கூடி உட்கார்ந்து ‘இவர்தான் சிறந்தவர்’ என்று தரவரிசை போடுகிறார்கள். 1936 முதல் பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பு ஒன்று நடந்துவருகிறது. பட்டத்துக்கான அணிகளைத் தேர்ந்தெடுப்பது இப்போது தனிக் குழு ஒன்று. 2013 வரை இறுதி மோதலுக்கு இரண்டே அணிகள். 2014 முதல் நான்கு. 2024 முதல் பன்னிரண்டு. இரண்டே அணி என்றிருந்த காலத்தில் ஒரு தோல்வி வந்தாலே பல அணிகளுக்கு ஆண்டு போயிற்று என்று பொருள்.

தோற்காமலேயே வெளியேறிய கதையும் உண்டு. 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களையும் வென்று, தான் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் சாம்பியனாகவும் ஆனது. ஆனால் அதன் முதன்மைக் குவாட்டர்பேக்குக்குக் காலில் காயம். அணி முன்போல் இல்லை என்று காரணம் சொல்லி, குழு அதை நான்கு பேரில் சேர்க்கவில்லை. இப்படியொரு அமைப்பில், வெற்றி மட்டும் போதாது, பார்க்க அழகாகவும் வெல்ல வேண்டும் என்ற பதற்றம் ரசிகருக்கு வராமல் இருந்தால்தான் வியப்பு. வென்ற ஆட்டத்துக்குப் பிறகும் முகம் சுளிக்கும் ரசிகர்களை நீங்கள் பார்த்தால், இதுதான் காரணம்.

ஊர் விஷயமும் உண்டு. அலபாமாவிலோ நெப்ராஸ்காவிலோ தொழில்முறைக் கால்பந்து அணி கிடையாது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகர மைதானத்தில் 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்துவருகிறது. இடையில் அணி எத்தனையோ ஆண்டுகள் மண்ணைக் கவ்வியிருக்கிறது. அங்கே ரசிகர் என்பவர் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. தாத்தா படித்த கல்லூரி, அப்பா வாங்கி வைத்த இருக்கை, பிறந்த குழந்தைக்கு முதல் மாதமே போட்டுவிட்ட சிவப்புச் சட்டை. வேறு அணிக்குத் தாவலாம் என்ற எண்ணமே எழாது.

வலி எங்கே பிறக்கிறது

இப்போது மையக் கருத்துக்கு வருவோம். தோல்வி தரும் வலியைத் தீர்மானிப்பது புள்ளிப்பலகை இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அதைத் தீர்மானிக்கிறது. பிளஸ் டூ தேர்வில் 580 எதிர்பார்த்த பிள்ளை 540 வாங்கி அழுவதும், 350 எதிர்பார்த்த பிள்ளை 400 வாங்கி இனிப்பு வழங்குவதும் ஒரே தெருவில் நடப்பதுதானே.

2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் தன் சொந்த மைதானத்தில் அபலாச்சியன் ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 34-32 என்று தோற்றது. மிச்சிகன் அப்போது தரவரிசையில் 5-ஆம் இடம். வந்த அணியோ ஒரு படி கீழ்ப் பிரிவைச் சேர்ந்தது. பணம் கொடுத்து வரவழைத்து, பருவத்தின் முதல் வெற்றியைச் சுலபமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்ட ஆட்டம். கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலை அபலாச்சியன் வீரர் பாய்ந்து தடுத்துவிட்டார். தோல்வி வித்தியாசம் இரண்டே புள்ளி. இருபது, முப்பது புள்ளியில் தோற்ற ஆட்டங்கள் மிச்சிகன்காரர்களுக்கு மறந்துபோயிருக்கும். இந்த இரண்டு புள்ளியை இன்றுவரை மற்ற அணி ரசிகர்கள் மறக்க விடுவதில்லை.

இடைவெளிதான் காரணம் என்பதற்கு ஒரு நீதிமன்றச் சான்றும் உண்டு. அது எனக்கு உண்மையிலேயே கலக்கம் தந்த ஒன்று. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர்கள் ஓஸ்கான் எரென், நாசி மோஜான் இருவரும் அந்த மாநிலச் சிறார் நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்து, பல்கலைக்கழக அணியின் ஆட்ட முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். 2018-இல் ஆய்வு வெளியானது. வெல்லும் என்று கணிக்கப்பட்ட ஆட்டத்தில் அணி தோற்றால், அடுத்த வாரம் நீதிபதிகள் சிறார்களுக்கு விதித்த தண்டனைக் காலம் நீண்டிருந்தது. எதிர்பார்த்த தோல்விக்கு அப்படியொரு விளைவு இல்லை. வெற்றி வந்தால் கருணை கூடவும் இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற நீதிபதிகளிடம்தான் இது தெளிவாகத் தெரிந்தது. கூடுதல் தண்டனையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினச் சிறுவர்கள். கறுப்பு அங்கி போட்டுச் சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், சனிக்கிழமை காலையிலிருந்து மைதானத்து வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டு, பீர் குடித்துக்கொண்டிருந்தவரைப் பற்றி என்ன சொல்ல.

தொழில்முறைக் கால்பந்தை வைத்து டேவிட் கார்ட், கார்டன் டால் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வீட்டுக்குள் நுழைகிறது. உள்ளூர் அணி எதிர்பாராமல் தோற்ற நாட்களில், ஆண்கள் மனைவியரையும் துணைவியரையும் அடித்ததாகக் காவல்துறையில் பதிவான சம்பவங்கள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடின. அங்கும் கதை அதேதான்: சமபலம் என்று கணிக்கப்பட்ட ஆட்டத்தில் தோற்றபோது இந்த உயர்வு இல்லை.

நாம் வென்றோம், அவர்கள் தோற்றார்கள்

ரசிகர்கள் அணியோடு தங்களை எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள், எப்போது கழற்றிக்கொள்கிறார்கள் என்பதை அழகாகக் காட்டியவர் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி. 1976-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வு மிக எளிமையானது. ஏழு பல்கலைக்கழகங்களில், ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் உட்பட, திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகப் பெயரோ சின்னமோ பொறித்த உடை அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை அணி வென்றிருந்தால் எண்ணிக்கை ஏறியது, தோற்றிருந்தால் இறங்கியது. பிறகு தொலைபேசியில் மாணவர்களைக் கூப்பிட்டு ஆட்டம் எப்படிப் போயிற்று என்று கேட்டார்கள். வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாம்’ என்ற சொல் அதிகம் வந்தது. தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது ‘அவர்கள்’ தலைகாட்டியது.

இது சாதாரண ரசிகரின் தற்காப்பு. சட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்வார். ஆனால் கழற்ற முடியாதவர்கள் இருக்கிறார்கள். தீவிர ரசிகருக்கு ‘அவர்கள்’ என்ற சொல்லே வாயில் வராது. அவர் தன்னையும் அணியையும் பிரித்துப் பார்க்கப் பழகவில்லை. தோல்வியை ஏதோ ஒரு மனிதரிடம் இறக்கி வைத்தால்தான் அவர் மூச்சுவிட முடியும். பயிற்சியாளர், நடுவர், உதைப்பாளர் என்ற மூவரும் வரிசையாக மாட்டுவது இதனால்தான்.

நடுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகள் முரட்டுத்தனமாக மோதிக்கொண்டன. பிரின்ஸ்டன் நட்சத்திரம் டிக் கஸ்மயர் மூக்கு உடைந்து வெளியேறினார். டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கேன்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்களாக டார்ட்மத் மாணவர்கள் கண்டதைப்போல இரு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். படச்சுருள் ஒன்றுதான். அதனால் தோற்ற ரசிகர் “நடுவர் திருடிவிட்டார்” என்று சொன்னால் அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. விவாதித்து வெல்ல முயல்வது வீண் வேலை.

உதைப்பாளர் பாடு இருப்பதிலேயே பரிதாபம். அறுபது நிமிட ஆட்டத்தில் அவர் களத்தில் நிற்பது சில நொடி. அந்த நொடியில் ஒரு லட்சம் பேரும் அவர் காலையே பார்க்கிறார்கள். 2013 நவம்பர் 30 அன்று அலபாமாவும் ஆபர்னும் 28-28 என்ற நிலையில், ஆட்டம் முடிய ஒரே ஒரு விநாடி மிச்சம். அலபாமா 57 கஜ ஃபீல்டு கோல் ஒன்றை முயன்றது. பந்து எட்டவில்லை. கோலுக்கடியில் காத்திருந்த ஆபர்ன் வீரர் கிரிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் முழு நீளமும் ஓடி டச் டவுன் போட்டார். நடப்பு சாம்பியன், நாட்டின் முதலிட அணி, அந்த ஒரு விநாடியில் வீழ்ந்தது. ஆனால் அலபாமா ரசிகர்களில் ஒரு பகுதியினர் பாய்ந்தது அதற்கு முன்பு அதே ஆட்டத்தில் ஃபீல்டு கோல்களைத் தவறவிட்ட இன்னொரு மாணவர்மீது. கொலை மிரட்டல்கள்கூட வந்தன. அவருடைய சட்டை எண் 43. அமெரிக்காவின் 43-ஆவது அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ புஷ், ‘இன்னொரு 43’ என்று கையெழுத்திட்டு, அவருக்கு ஆறுதலாகத் தன் கைப்படக் கடிதம் எழுதினார். புஷ்ஷைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறேன்.

மாணவர்களைத் திட்டுவதற்கு இப்போது புதிய சாக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பங்கு தரலாம். 2024-இல் ஒஹாயோ அணி வீரர்களுக்குப் போய்ச் சேர்ந்த தொகை சுமார் 2 கோடி டாலர் என்று அவர்களுடைய விளையாட்டுத் துறைத் தலைவரே சொன்னார். பணம் வாங்குகிறாய், வசவும் வாங்கிக்கொள் என்பது ரசிகர்களின் புது நியாயம். ஆட்டத்தைக் குறை சொல்லலாம், அது விலை கொடுத்து டிக்கெட் வாங்கியவரின் உரிமை. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனின் தாயாருக்குச் செய்தி அனுப்பி வைவதற்கு எந்த டிக்கெட்டும் உரிமை தராது.

பயிற்சியாளரை விரட்டு

பயிற்சியாளர்மீது பாய்வதில் அந்த அளவு அநியாயம் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். வேலையை விட்டு நீக்கினாலும் ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள ஆண்டுகளுக்கு ஈடு தர வேண்டும். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அந்த ஈடு ஏறத்தாழ 7.6 கோடி டாலர். வேலை செய்ய வேண்டாம் என்பதற்குக் கொடுக்கும் கூலி! அதையும் கொடுக்கத் தயாரான பணக்காரப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ரசிகர் கூச்சலுக்கு வலு. மைதானத்தில் கத்துபவருக்கு அதிகாரம் இல்லை. அவரோடு சேர்ந்து முகம் சுளிக்கும் நன்கொடையாளருக்கு இருக்கிறது.

பென் ஸ்டேட்டில் 2025-இல் நடந்ததைப் பாருங்கள். பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் 2014 முதல் அங்கே இருந்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அணியைத் தேசிய அரையிறுதிவரை கொண்டுபோயிருந்தார். புதிய பருவம் தொடங்கும்போது தரவரிசையில் 2-ஆம் இடம். செப்டம்பர் இறுதியில் ஓரிகனிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி, அது பொறுக்கக்கூடியது. அடுத்த வாரம், அதுவரை ஓர் ஆட்டம்கூட வெல்லாத யுசிஎல்ஏ அணியிடம் 42-37. அதற்கடுத்த வாரம் சொந்த மைதானத்தில் நார்த்வெஸ்டர்னிடம் 22-21. மறுநாள் அவருக்கு வேலை இல்லை. மூன்று தோல்விகளுக்கும் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டினாலும் பன்னிரண்டுதான் வருகிறது. 2-ஆம் இடம் என்று பத்திரிகைகள் ஆகஸ்டில் எழுதாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் சில வாரங்களாவது தாக்குப்பிடித்திருப்பார் என்பது என் ஊகம்.

ரயன் டேக்கு வேறு விதி வாய்த்தது. புதிய பன்னிரண்டு அணி முறை அவரைக் காப்பாற்றியது. பழைய நான்கு அணிக் காலமாக இருந்திருந்தால் மிச்சிகனிடம் தோற்ற அன்றே ஆண்டு முடிந்திருக்கும். ஒஹாயோ 8-ஆம் இடத்தில் உள்ளே நுழைந்தது. டிசம்பர் 21 அன்று கொலம்பஸில் டென்னசியோடு முதல் சுற்று. வெறுத்துப்போன உள்ளூர் ரசிகர்கள் பலர் டிக்கெட்டை விற்றுவிட, மைதானத்தில் டென்னசியின் ஆரஞ்சு நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஒஹாயோ 42-17 என்று வென்றது. பிறகு ஓரிகனை 41-21, டெக்சாஸை 28-14, ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23. தேசிய சாம்பியன். கூச்சலுக்கும் கோப்பைக்கும் நடுவே 51 நாட்கள். பிப்ரவரியில் டேயின் ஒப்பந்தத்தை நீட்டித்துச் சம்பளத்தையும் உயர்த்தினார்கள்.

அப்படியானால் நவம்பரில் கத்தியவர்கள் முட்டாள்களா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நடுவில் ஓடி முட்டிக்கொள்ளும் ஆட்டத்தைக் கைவிட்டு, பந்து பிடிப்பாளர்களை நம்பி எறிந்து ஆடுங்கள் என்றுதான் அவர்கள் கத்தினார்கள். டென்னசிக்கு எதிரே அணி முதல் சில நிமிடங்களிலேயே ஆடியது அப்படித்தான். கோபம் சில நேரம் ஆட்டத்தைச் சரியாகப் படிக்கிறது. கோப்பை வந்த பிறகும் மிச்சிகன் தோல்வி மனத்தைவிட்டுப் போகவில்லை என்று சொன்ன ஒஹாயோ ரசிகர்களும் உண்டு. புறத்தே இருப்பவருக்கு இது அபத்தம். சிவப்பு நாடா ஒட்டி வளர்ந்தவருக்கு, அது தனிக் கணக்கு.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்க்க, பக்கத்து மாநிலமான இண்டியானாவுக்குப் போக வேண்டும். மேல்நிலைப் பிரிவிலேயே மிக அதிகத் தோல்விகளைக் கண்ட அணி என்ற பெயரை நெடுங்காலம் சுமந்த பல்கலைக்கழகம் அது. 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. 2024-இல் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டு ஒஹாயோவிடம் 38-15 என்று உதை வாங்கினார்கள், பட்டத்துக்கான பன்னிரண்டு அணிப் போட்டியின் முதல் சுற்றில் நோட்ர டேமிடம் 27-17 என்று வெளியேறினார்கள். ஆனால் 11 வெற்றி, 2 தோல்வி என்ற அந்தக் கணக்கு அவர்கள் வரலாற்றில் அதுவரை காணாதது. கொலம்பஸில் இரண்டு தோல்விக்குப் பயிற்சியாளரின் தலையைக் கேட்டுக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில், இண்டியானா அணியின் ஊரான புளூமிங்டனில் அதே இரண்டு தோல்வியோடு ஆனந்தமாக இருந்தார்கள். 2025 பருவத்தில் இண்டியானா ஆடிய 16 ஆட்டங்களையும் வென்று முதல்முறையாகத் தேசியப் பட்டம் சூடியது. வழியில் ஒஹாயோவையும் 13-10 என்று சாய்த்தது. இனி அங்கே 11 வெற்றியோடு ஒரு பருவம் முடிந்தால், 2024-இல் ஆனந்தமாக இருந்த அதே ஆட்கள்தான் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏன் நடுவிலேயே ஓடினீர்கள் என்று கேட்கப்போகிறார்கள்.